பெட்டியை வாங்குமுன் பாதையைப் பாருங்கள்!

சென்ற மாதம் என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர், ஆய்வுக்கூட நேரம் முடிந்த பிறகும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். "என்ன தம்பி?" என்று கேட்டேன். "சார், எங்கள் வீட்டில் இன்டர்நெட் மிகவும் மெதுவாக வருகிறது. கடையில் நான்கு ஆன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்றும், ஆறு ஆன்டெனா வைத்தது ஒன்றும் காட்டுகிறார்கள். எதை வாங்கினால் வேகமாக வரும்?" என்றார்.

நண்பர்களே, எனக்கு என் பழைய கதை நினைவுக்கு வந்து சிரிப்பு வந்துவிட்டது. 2001 ஆம் ஆண்டில், நான் கல்லூரி மாணவனாக இருந்தபோது, விழுப்புரத்தில் ஒரு கடைக்காரரிடம் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்டேன். பொருளின் பெயர் மட்டும் வேறு. "அண்ணே, எந்த மோடம் வாங்கினால் வேகமாக வரும்?" என்றேன். கேள்வியே தவறு என்று விளங்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மோடம் என்றால் என்ன?

உங்களில் பலர் தொலைபேசி வழி இணையத்தைக் கண்டிருக்க மாட்டீர்கள். டயல் அப் என்று அதற்குப் பெயர். உலகில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. அமெரிக்காவில் பெரும் புகழுடன் இருந்த ஏஓஎல் நிறுவனம்கூட 2025 செப்டம்பர் 30 அன்று தன் டயல் அப் சேவையை நிறுத்திவிட்டது.

தொலைபேசிக் கம்பி மனிதர் பேசுவதற்காக இழுக்கப்பட்டது. 300 ஹெர்ட்ஸ் முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி அதிர்வெண்களையே தொலைபேசி அமைப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டு செல்லும். ஒருவர் பேசுவதைப் புரிந்துகொள்ள அது போதும். ஆனால் கணிப்பொறி பேசுவது 0, 1 என்னும் இரும எண்களில் அல்லவா? அவற்றை அப்படியே இந்தப் பாதையில் அனுப்ப முடியாது. எனவே அவற்றை ஒலியாக மாற்ற வேண்டும். மறுமுனையில் ஒலியை மீண்டும் எண்களாக்க வேண்டும். முதல் வேலைக்குப் பண்பேற்றம் என்றும், இரண்டாவது வேலைக்குப் பண்பிறக்கம் என்றும் பெயர். இரண்டையும் செய்யும் கருவியே மோடம்.

அமெரிக்காவில் 1962 இல் வந்த பெல் 103 என்ற மோடம் இதை எளிமையாகச் செய்தது. அழைக்கும் பக்கத்திலிருந்து 0 என்பதற்கு 1070 ஹெர்ட்ஸ், 1 என்பதற்கு 1270 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பியது. நொடிக்கு 300 பிட்டுகள் சென்றன. அந்த வேகத்தில், இன்று உங்கள் கைபேசி எடுக்கும் ஒரு மெகாபைட் புகைப்படம் வந்து சேர ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும்! பின்னர் அலையின் வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து மாற்றும் முறைகள் வந்தன. வேகம் 2400, 9600, 14,400, 28,800, 33,600 என்று ஏறியது. 1998 இல் வந்த வி.90 என்னும் தரம் 56,000 பிட்டுகளைத் தொட்டது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. டெல்லி, மும்பை, கல்கத்தா, அன்றைய மெட்ராஸ் போன்ற பெருநகரங்களில்தான் முதலில் கிடைத்தது. எங்கள் வீடு திண்டிவனத்தில். அங்கிருந்து சென்னைக்கு டயல் செய்தால் எஸ்.டி.டி. கட்டணம். திண்டிவனத்தின் எஸ்.டி.டி. எண் 04147; ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விழுப்புரத்துக்கு 04146. ஆக, மாவட்டத் தலைநகரை அழைப்பதற்குக்கூடச் சுழியத்தில் தொடங்க வேண்டும். பிறகு 172 என்று தொடங்கும் எண்கள் வந்தன. உள்ளூர் அழைப்புக் கட்டணத்திலேயே இணையத்தில் நுழைய முடிந்தது. அந்தக் காலத்தில்தான் அப்பாவிடம் கெஞ்சி ஒரு மோடம் வாங்கச் சம்மதம் பெற்றேன்.

உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா?

கடைக்காரர் இரண்டு வகைகளைக் காட்டினார். ஒன்று, கணிப்பொறியின் உள்ளே செருகும் அட்டை. மற்றொன்று, மேசைமேல் வைக்கும் தனிப் பெட்டி. வெளிப்பெட்டியின் விலை மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உள் அட்டை அதில் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டின் அட்டைப் பெட்டிமேலும் "56 கே" என்ற அதே எண் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. எண் ஒன்றே என்றால் விலை ஏன் மூன்று மடங்கு?

காரணங்கள் உண்டு. மலிவான உள் மோடங்களில் பல, பாதி மோடங்களே. ஒலியை எண்ணாக்கும் கணக்கு வேலையைத் தாமே செய்யாமல் கணிப்பொறியின் மையச் செயலகத்தின் தலையில் கட்டிவிடும். கணிப்பொறி வேறு வேலையில் மூழ்கினால் இணைப்பு தடுமாறும். உரிய மென்பொருள் விண்டோசுக்கு மட்டுமே தரப்பட்டிருந்தால் வேறு இயங்குதளத்தில் அது வெறும் அட்டைதான். வெளிப்பெட்டிகளில் பெரும்பாலானவை தம் வேலையைத் தாமே செய்தன. ஆர்.எஸ். 232 என்னும் தொடர்முனை உள்ள எந்தக் கணிப்பொறியிலும் செருகலாம். 1981 இல் ஹேஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் என்ற கருவி, ஏ, டி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்தது. பிறகு வந்த மோடங்கள் எல்லாம் அந்தக் கட்டளைகளையே கற்றுக்கொண்டன. இன்றைய கைபேசிகளுக்குள் இருக்கும் மோடங்கள்கூட அந்தக் கட்டளைகளின் வழித்தோன்றல்களைப் புரிந்துகொள்கின்றன என்றால் வியப்பாக இல்லையா?

இடியும் ஒரு காரணம். நம் பகுதியில் கோடை மழையும் வடகிழக்குப் பருவமழையும் இடியோடு வரும். மின்னல் அருகில் விழுந்தால் தொலைபேசிக் கம்பியில் உயர் மின்னழுத்தம் பாயும். உள்ளே செருகிய அட்டை எரிந்தால் தாய்ப்பலகையையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். வெளிப்பெட்டி என்றால் பெரும்பாலும் பெட்டியோடு போகும். இடி கேட்டவுடன் கம்பியைப் பிடுங்கி வைப்பதும் எளிது.

வெளிப்பெட்டிக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. கணிப்பொறியின் தொடர்முனையில் எந்தச் சில்லு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய 8250 சில்லு ஒரு நேரத்தில் ஓர் எழுத்தைத்தான் பிடித்து வைக்கும். செயலகம் வந்து எடுப்பதற்குள் அடுத்த எழுத்து வந்தால் முந்தியது அழிந்துவிடும். 16550ஏ சில்லு பதினாறு எழுத்துகளைப் பிடித்து வைக்கும். பழைய சில்லை வைத்துக்கொண்டு 56 கே மோடம் வாங்குவது, பெரிய குழாயின் கீழே டம்ளரை வைப்பது போன்றது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது வேறொன்று. வெளிப்பெட்டியின் முகப்பில் சிறு விளக்குகள் வரிசையாக இருந்தன. ஒன்று தொலைபேசி எடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும். சிடி என்பது மறுமுனை மோடத்தின் அலை வந்துகொண்டிருக்கிறது என்று காட்டும். எஸ்டி விளக்கு நாம் அனுப்பும்போது மின்னும். ஆர்டி விளக்கு நமக்கு வரும்போது மின்னும். வாங்கிய அன்று அவற்றை அழகுக்காக வைத்திருக்கிறார்கள் என்றே எண்ணினேன்.

மோடத்தை மடியில் வைத்துக்கொண்டு விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகப் பேருந்தில் வந்தேன். அன்றிரவு முதன்முதலாக இணைப்புக் கிடைத்தபோது திரையில் தெரிந்த வேகம் 26,400.

அட்டையில் எழுதிய எண்

56,000 க்குக் காசு கொடுத்தேன். கிடைத்தது பாதிகூட இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கொதித்தேன். அவர் ஏமாற்றவில்லை. அட்டையில் இருந்த எண் உண்மை. ஆனால் அது பெட்டியின் உச்ச வேகம். என் வீட்டுக்கு வரும் பாதையைப் பற்றி அந்த அட்டைக்கு என்ன தெரியும்?

1948 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன் என்ற விஞ்ஞானி, எந்தப் பாதைக்கும் ஓர் உச்ச வேகம் உண்டு என்று கணித முறையில் நிறுவினார். அந்த வேகத்தை இரண்டு பொருள்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, பாதையின் பட்டை அகலம். மற்றொன்று, சமிக்ஞை இரைச்சலைவிட எத்தனை மடங்கு வலிமையாக இருக்கிறது என்ற விகிதம். அந்த விகிதத்தோடு ஒன்றைக் கூட்டி, 2 ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுத்து, பட்டை அகலத்தால் பெருக்கினால் உச்ச வேகம் கிடைக்கும்.

நீங்களே போட்டுப் பாருங்கள். தொலைபேசிப் பாதையின் பட்டை அகலம் 3400 லிருந்து 300 ஐக் கழித்தால் 3100 ஹெர்ட்ஸ். சமிக்ஞை இரைச்சலைப்போல் 1000 மடங்கு இருந்தால், மடக்கை ஏறத்தாழ 10. உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 31,000 பிட். விகிதம் 100 ஆகக் குறைந்தால் சுமார் 20,600. விகிதம் 10 என்றால் சுமார் 10,700 தான். எவ்வளவு விலையுயர்ந்த மோடம் வாங்கினாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. இயற்கை விதித்த வேலி அது.

"அப்படியானால் 56,000 எப்படி வந்தது? ஷானனை மீறிவிட்டார்களா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி! டிஜிட்டல் தொலைபேசி நிலையம் நம் குரல் அலையை நொடிக்கு 8000 முறை அளந்து எண்ணாக்குகிறது. அளவை முழு எண்ணாகத் திருத்தும்போது சிறு பிழை ஏற்படும். அந்தப் பிழையும் ஓர் இரைச்சலே. இணைய சேவையாளர் தம் பக்கத்தில் நேரடியாக டிஜிட்டல் இணைப்பு வைத்துக்கொண்டால், அவரிடமிருந்து நமக்கு வரும் திசையில் இந்தத் திருத்தப் பிழை ஏற்படுவதில்லை. விகிதம் உயர்கிறது. நொடிக்கு 8000 அளவுகள், ஒவ்வொன்றிலும் 7 பிட்டுகள், பெருக்கினால் 56,000. நாம் அனுப்பும் திசையில் பழைய பிழை இருந்துகொண்டே இருக்கும். ஆகவே அங்கே 33,600 தான்.

ஆனால் வழியில் எங்கேனும் இன்னொரு முறை அனலாக்காக மாறினால் இந்தக் கணக்கு முறிந்துவிடும். சி-டாட் என்னும் நம் நாட்டு ஆய்வு நிறுவனம் 1984 இல் தொடங்கப்பட்டு, 128 இணைப்புகள் கொண்ட சிற்றூர் டிஜிட்டல் நிலையங்களை உருவாக்கியது. முதலாவது 1986 இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. இத்தகைய நிலையங்கள் பரவிய பிறகே சிறிய ஊர்களில் வேகமான மோடத்துக்குப் பொருள் ஏற்பட்டது.

மறுமுனையும் அதே மொழியைப் பேச வேண்டும். 1997 இல் 56 கே மோடங்கள் எக்ஸ்2 என்றும், கே56 பிளெக்ஸ் என்றும் இரண்டு முகாம்களாகப் பிரிந்திருந்தன. நம்முடையது ஒன்று, சேவையாளருடையது மற்றொன்று என்றால் இரண்டும் பழைய மொழிக்குத் திரும்பி, 33,600 க்குள் அடங்கிவிடும். வி.90 தரம் வந்துதான் சண்டை ஓய்ந்தது. பெட்டி நல்லது, கம்பி நல்லது, ஆயினும் பயன் இல்லை என்ற நிலையும் உண்டு என்பதற்கு இது சான்று.

பின்வாசல் கதவுக்கு மேலே

அக்டோபரில் மழை தொடங்கியது. இருபத்தாறாயிரமும் நிலைக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தது. மோடத்தை மாற்றித் தரும்படி கடையில் சண்டை போடக் கிளம்பினேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற லைன்மேன் ஒருவர் குடியிருந்தார். அவர் என்னை வழியில் நிறுத்தி, "கொஞ்சம் பொறு தம்பி, வீட்டைப் பார்த்துவிட்டுப் போ" என்றார்.

அவர் செய்ததை நான் இன்றுவரை என் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். முதலில் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். பேசும் ஒலிக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்டது. பிறகு, வெளியிலிருந்து கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இருந்த ரோசெட் பெட்டியைத் திறந்தார். அதற்குமேல் உள்ளே போகும் எல்லாக் கம்பிகளையும் கழற்றினார். மோடத்தை அங்கேயே கொண்டுவந்து நேரடியாக இணைக்கச் சொன்னார். மேசையையும் கணிப்பொறியையும் நடைக்குத் தூக்கி வந்தோம். டயல் செய்தேன். திரையில் 45,333!

அதே மோடம், அதே நிலையம், அதே மழை. மாறியது ஒன்றுதான்: எங்கள் வீட்டுக்குள் ஓடிய கம்பி. அதைப் போட்டவர் வேறு யாருமல்லர், என் அப்பாதான். என் அறைக்குத் தொலைபேசியை நீட்டிக்க, பல்பு மாட்டும் சாதாரண இரட்டைக் கம்பியை டியூப்லைட் கம்பியோடு சேர்த்தே இழுத்திருந்தார். பின்வாசல் கதவுக்கு மேலே கையால் முறுக்கி, நாடா சுற்றிய ஓர் ஒட்டு. மழைநீர் கசிந்து அந்தச் செம்பு பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

தொலைபேசிக் கம்பிகளை ஏன் முறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தீர்களா? அருகில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப் புலம் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும். முறுக்கிய கம்பியில் ஒரு வளையத்தில் தூண்டப்படுவதும் அடுத்த வளையத்தில் தூண்டப்படுவதும் எதிரெதிர் திசையில் அமைந்து ஒன்றையொன்று ஏறத்தாழ அழித்துவிடும். முறுக்காத இணைகம்பியில் இந்த வசதி இல்லை. உறுமல் அங்கிருந்துதான் வந்தது. களிம்பு பிடித்த ஒட்டோ சமிக்ஞையைக் குறைத்து, கரகரப்பையும் சேர்த்தது. ஷானன் சொன்ன விகிதத்தின் மேல்பகுதி குறைந்து கீழ்ப்பகுதி ஏறினால் வேகம் என்னவாகும்? அதுதான் ஆயிற்று.

முறுக்குக் கம்பி பத்து மீட்டர் வாங்கி, டியூப்லைட்டிலிருந்து ஓர் அடி தள்ளி இழுத்து, ஒட்டே இல்லாமல் முடித்தோம். செலவு ஐம்பது ரூபாய்க்கு உள்ளேதான். ஒரு மெகாபைட் வர ஐந்து நிமிடம் ஆனது மூன்று நிமிடமாயிற்று. மோடத்தை மாற்றியிருந்தால் இன்னொரு மூவாயிரம் போயிருக்கும்; வேகம் அப்படியே இருந்திருக்கும்.

விளக்குகள் சொன்ன சேதி

அடுத்த ஆண்டு மே மாதம் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்தன. இணையத்திலும் முடிவுகளை வெளியிடத் தொடங்கியிருந்த காலம். காலையிலேயே எங்கள் தெருப் பிள்ளைகளும், மரக்காணம் சாலையிலிருந்து சிலரும் தேர்வு எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். வீடு நிறைந்துவிட்டது. டயல் செய்தேன், 45,333 இல் இணைந்தது. ஆனால் பக்கம் வரவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. "லைன் போச்சு போல இருக்குடா. துண்டித்துவிட்டு மறுபடி போடு" என்றார் அப்பா.

நான் மோடத்தைப் பார்த்தேன். சிடி விளக்கு அசையாமல் எரிந்தது. நான் சொடுக்கும்போதெல்லாம் எஸ்டி மின்னியது. ஆர்டி மட்டும் இருண்டு கிடந்தது. அப்படியென்றால் என் கம்பி நன்றாக இருக்கிறது, கேள்வி போய்ச் சேருகிறது, பதில் வரவில்லை. மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் கேட்டால் மறுமுனைக் கணிப்பொறி என்ன செய்யும்? துண்டித்தால் மீண்டும் நுழைய இடம் கிடைக்காமல் போகலாம். "அப்பா, நம்ம லைன் சரியாத்தான் இருக்கு. காத்திருப்போம்" என்றேன். இருபது நிமிடம் கழித்து ஆர்டி விளக்கு மின்னத் தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணும் வரிவரியாக இறங்கியது.

அன்றுதான் மூன்று மடங்கு விலையின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது. வெளி மோடம் எனக்கு வாங்கித் தந்தது வேகத்தை மட்டுமில்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்று அறியும் கண்ணையும்தான். உள்ளே செருகிய அட்டை என்றால் நானும் அப்பாவும் இருட்டில் தடவிக்கொண்டிருப்போம்.

மணிலா விற்ற காசு

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2020 இல் கொரோனா காலத்தில் கல்லூரிகள் மூடப்பட்டு, வகுப்புகள் கைபேசிக்கு வந்தன. செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து என்னிடம் படித்த மாணவி ஒருவருக்கு வகுப்பு அடிக்கடி அறுந்தது. "போன் பழசு சார், அதனால்தான்" என்றார். அந்த ஆண்டு மணிலா விற்ற காசில் அவர் அப்பா புதுக் கைபேசி வாங்கித் தந்தார். புதுக் கைபேசியிலும் வகுப்பு அறுந்தது! அந்தப் பெண் அழாத குறையாகப் பேசினார்.

கைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று, சிம் நிலை என்ற இடத்தில் சமிக்ஞை வலிமையைப் படிக்கச் சொன்னேன். டிபிஎம் என்ற அலகில் ஓர் எண் இருக்கும். அவர் படித்த அறையில் அது கழித்தல் 116. அந்த அறைக்குத் தகரக் கூரை. ஒரு பக்கம் குன்று. தகரம் உலோகம் அல்லவா? ரேடியோ அலைகளைத் திருப்பி அடித்துவிடும். "வீட்டைச் சுற்றி நடந்து ஒவ்வோர் இடத்திலும் எண்ணைக் குறித்து வாம்மா" என்றேன். தெருத் திண்ணையில் கழித்தல் 96 வந்தது. இருபது டெசிபெல் வேறுபாடு. அதாவது நூறு மடங்கு வலிமை! திண்ணையில் உட்கார்ந்து படித்தார். பழைய கைபேசியிலும் அங்கே வகுப்பு நன்றாகவே வந்தது என்று பிறகு சொன்னார். அந்தக் குடும்பத்தின் மணிலாக் காசு எங்கே போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். அந்த மாணவிக்கு முதலிலேயே அளக்கச் சொல்லித் தராத குற்றம் என்னைப் போன்ற ஆசிரியர்களுடையது.

என் கருத்து

பெட்டி முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 8250 சில்லும் பாதி மோடமும் நல்ல கம்பியையும் வீணாக்கும். ஆனால் பெட்டி, பாதை, மறுமுனை என்று மூன்று இருக்க, விளம்பரங்கள் ஒன்றின் எண்ணை மட்டும் பெரிதாக அச்சிடுகின்றன. மற்ற இரண்டையும் விசாரிக்க வேண்டியவர் வாங்குபவர்தான். கிணற்றில் ஃபுட் வால்வு ஒழுகும்போது ஐந்து குதிரைத் திறன் மோட்டாரை ஏழரையாக மாற்றுகிற விவசாயியை நம் ஊரில் யாராவது மெச்சுவார்களா? மோட்டாருக்கு உள்ள அறிவு மோடத்துக்கும் வேண்டும் என்பதே என் வாதம்.

இன்னொன்றும் சொல்வேன். ஒரே திறனுள்ள இரண்டு கருவிகளில், தன் நிலையை உங்களுக்குக் காட்டுகிற கருவியையே தேர்ந்தெடுங்கள். விளக்கு, அளவுமானி, எண் காட்டும் திரை ஏதாவது ஒன்று இருக்கட்டும். வழவழப்பாக ஒன்றும் தெரியாமல் மூடி வைத்த கருவி அழகாக இருக்கலாம். கெட்டுப்போகும் அன்று அது உங்களிடம் ஒன்றும் சொல்லாது. புதிதாக ஒன்று வாங்கு என்பதைத் தவிர.

அந்த ரவுட்டர் மாணவருக்கு நான் என்ன சொன்னேன்? "தம்பி, உங்கள் வீட்டில் ஒளியிழைக் கம்பி வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிகிறதா பாருங்கள். எரிந்தால் ஒளி வரவில்லை, சேவையாளரைக் கூப்பிடுங்கள். எரியாவிட்டால், கணிப்பொறியைக் கம்பி மூலம் நேரடியாக அந்தப் பெட்டியில் இணைத்து வேகத்தைக் குறியுங்கள். பிறகு ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று கம்பியில்லாமல் குறியுங்கள். அடுத்து உங்கள் அறையில் குறியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று எண்களோடு என்னிடம் வாருங்கள்" என்றேன்.

மறுநாள் வந்தார். கம்பியில் வேகம் குறைவில்லை. ரவுட்டர் பக்கத்திலும் நன்றாக இருந்தது. அறையில்தான் விழுந்தது. இடையில் இருந்தது ஓர் இரும்பு பீரோ. ரவுட்டர் அதன் பின்னால் இருந்தது. ரவுட்டரை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினார்கள். ஆறு ஆன்டெனாவுக்கு ஒதுக்கிய பணம் இன்னும் அவர் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது.

நண்பர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். கைபேசியில் டிபிஎம் எண்ணை வீட்டின் பத்து இடங்களில் குறியுங்கள். வீட்டின் வரைபடத்தில் எழுதுங்கள். எண் எங்கே சட்டென்று விழுகிறது, அங்கே சுவருக்குள் அல்லது கூரையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். உங்கள் அப்பாவோ அம்மாவோ அடுத்த முறை கடைக்குக் கிளம்பும்போது அந்தத் தாளை எடுத்து நீட்டுங்கள்.